கஞ்சி குடித்த பட்டாளத்துச் சட்டை

1962ஆம் ஆண்டு அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, இளம்பிள்ளையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில், கொதிநீர்ச் சட்டிக்குள் நிறுத்திய பித்தளைக் கிண்ணத்தில் தேன்மெழுகு உருகத் தொடங்கியது. நேரத்தை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். என் படிப்பு தொடருமா நிற்குமா என்பதை அந்தக் கிண்ணமே தீர்மானிக்கவிருந்தது.

முந்தைய ஆண்டு மழைக்காலத்தில், சேலத்துக் கல்லூரிக்குப் பஸ் ஏற ஒன்றரை மைல் திறந்தவெளியில் நடந்து, இருமுறை தொப்பலாக நனைந்து, மார்ச்சளியில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். குடை அந்த வெளிக்காற்றில் நிற்காது. நெசவாளரான அப்பா அதிகம் பேசாதவர். இவ்வாண்டு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"மொதப் பெருமழையில தலையும் நெஞ்சும் பொஸ்தகமும் நனையாம ஊடு வந்து சேரு, படி. நனைஞ்சு வந்தீன்னா, அதோட படிப்பு போதும், சாமி."

ஆகவேதான் சேலத்துப் பழந்துணிக் கடையில் அந்தச் சட்டையை வாங்கினேன். யுத்தகாலத்துப் பட்டாளச் சட்டை. தடித்த கான்வாஸ், கழுத்தின் பின்னே தலைமூடி, பெரிய பித்தளைப் பொத்தான்கள். ஒருகாலத்தில் மழை தாங்கியிருக்க வேண்டும். இப்போது வெறும் துணி; மெழுகேற்றினால் மீண்டும் தாங்கும் என்று கணக்கிட்டேன். சலவைச் சோடாவில் துவைத்து, சனிக்கிழமை கொடியில் போட்டேன். ஞாயிறன்று எடுத்தபோது அது பலகைபோல் விறைத்திருந்தது. பழைய கான்வாஸ் வெயிலில் விறைக்கும் என்று எண்ணி, மேலே ஆராயாமல் விட்டேன். அது என் பிழை.

லாரிகளுக்கு வண்ணம் பூசும் இடத்திலிருந்து டர்பன்டைன் கொண்டுவந்து கொடுத்தவர் என் சித்தப்பா. சங்ககிரியில் லாரி ஓட்டுபவர். உருகிய மெழுகை அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, டர்பன்டைனைக் கலந்து, கந்தைத் துணியால் ஊடும் பாவும் மறையுமாறு தேய்த்தேன். தையல்களில் மட்டும் இருமுறை. ஒரு வாரம் நிழலில் தொங்கவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சோதனை. சட்டைப் பைகளில் மைஒற்றும் தாள்களைச் செருகி, பொத்தான்களைப் போட்டுக் கொடியில் மாட்டினேன். சித்தப்பா துணிதுவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்று, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, இது சட்டையா, இல்ல என்ற லாரித் தார்ப்பாய்க்குக் கை வெச்சுத் தெச்சிருக்குதா?"

"ஊத்துங்க சித்தப்பா."

"இந்தா, ஐப்பசி மழை வந்துருச்சு!"

முதற்குடத்து நீர் முத்து முத்தாய் உருண்டோடியது. இரண்டாம் குடத்தில் தோள்பட்டை கறுத்தது. பின்னர் சட்டையின் அடிவிளிம்பிலிருந்து வெண்மையாய், வழுவழுப்பாய் ஏதோ சொட்டியது. பையிலிருந்த தாள்கள் கூழாகியிருந்தன.

"மழை உள்ள போகுது, கஞ்சியா வெளிய வருது! மத்தியானச் சோத்துக்கு ஆச்சுங்க அம்மிணி!"

நான் சிரிக்கவில்லை. காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினை உள்ளிருந்து எடுத்து வந்து, அந்த வெண்கசிவின்மேல் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாயிற்று. மாவுப்பொருள் அயோடினில் நீலமாகும் என்று பள்ளியில் படித்தது நினைவிருந்தது. சட்டை உண்மையிலேயே கஞ்சி குடித்திருந்தது. நூலிழைகளைக் கஞ்சி அடைத்திருந்ததால் மெழுகு உள்ளே இறங்காமல் மேலேயே ஏடாகப் படிந்துவிட்டது.

உள்ளே தறிச்சத்தம் நின்றது. அப்பா வாசற்படியில் வந்து நின்றார்.

"நாந்தான்," என்றார். "கொடியில கெடந்துச்சு. நூலெல்லாம் நொந்து போயிருந்துச்சு. பாவு நூலுக்குக் காச்சுன கஞ்சி மிச்சம் இருந்துச்சு... போட்டா இழை நெருங்கி நிக்கும், தண்ணி நொழையாதுன்னு நெனச்சேன்."

நெசவாளர் ஒருவர் மெலிந்த நூலுக்கு வேறு என்ன செய்வார்? நான் படிக்க வேண்டும் என்று அவரும் விரும்பினார் என்பதை அந்தக் கருநீலச் சொட்டுதான் எனக்குச் சொன்னது. ஆயினும் நிபந்தனையைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. தளர்த்துவதாக அவரும் சொல்லவில்லை.

அன்றே சட்டையைச் சோடா நீரில் கொதிக்க வைத்தேன். மேலே மிதந்த மெழுகை வழித்தெடுத்தேன். அலசி, மீண்டும் கொதிக்க வைத்து, மீண்டும் அலசினேன். ஒவ்வோர் அலசலுக்குப் பின்னும் ஓர் அயோடின் சொட்டு. நீலம், வெளிர்நீலம், இறுதியில் பழுப்பு. அது பழுப்பாகவே நின்றது; கஞ்சி முழுதும் போயிருந்தது. அடுத்த ஞாயிறு புதிதாக மெழுகு உருக்கினேன். இம்முறை அது துணியில் பட்டவுடன் இறங்கி மறைவதைக் கண்ணால் கண்டேன். அப்பா சட்டையை எட்டத்தில் நின்றே பார்த்தார், தொடவில்லை.

நவம்பரில் ஒரு மாலை, அவ்வாண்டின் முதற்பெருமழை பிடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்குமுன் சட்டையை அணிந்து, நோட்டுகளை உள்ளே மார்போடு அணைத்து, தலைமூடியை இழுத்துவிட்டேன்.

"ஏனுங்க, பட்டாளத்துல சேந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. வழக்கமாக ஒரு சொல்லுக்கே குன்றிப்போகும் நான், அன்று நிமிர்ந்து இறங்கினேன்.

ஒன்றரை மைலும் மழை என் முதுகில் தறிபோல் அடித்தது. ஒரு துளியும் உள்ளே வரவில்லை.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். தலைமூடியை விலக்கி என் உச்சந்தலையைத் தொட்டார். கழுத்துப்பட்டைக்குள் விரல்விட்டுப் பார்த்தார். நோட்டை வாங்கி, ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, நூலைச் சோதிப்பதுபோல் உருட்டினார்.

"ஒணந்துதான் இருக்குது," என்றார். பிறகு கீழே பார்த்தார். "சேலை சொட்டுது."

"சேலை நீங்க சொன்னதுல இல்லீங்கப்பா."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இல்லைதான். படி, சாமி. முடிக்கிற வரைக்கும் படி."

மறுநாள் காலை வானில் ஒரு மேகமும் இல்லை. வெயிலைக் கண்டு, தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெரு நெடுக நீட்டியிருந்தார்கள். அப்பா அதற்குக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டாளத்துச் சட்டையை அணிந்து, பித்தளைப் பொத்தான்கள் அனைத்தையும் போட்டு, அந்தப் பாவின் ஓரமாகவே தெருவின் முழு நீளத்தையும் நடந்து பஸ் ஏறினேன்.