பத்தரை மணிக்கு வந்த கூட்டம்

வரிசையில் போய் நின்றதும் இத்ரீஸ் கைபேசியை எடுத்து நேரம் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார். டத்தோ கெராமாட் சாலை நாசி கண்டார் சோற்றுக்கடையில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். சோறு போடுகிறவர் ஒரு தட்டுக்கு இருபது வினாடி எடுக்கிறார், கல்லாவில் இருக்கும் அக்காவுக்கு நாற்பது வினாடி ஆகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். "இன்னும் பத்துப் பேர வெச்சு சோறு போட்டாலும் வேஸ்ட்லா. எல்லாம் கல்லாவுலதான் வந்து முட்டும்." எனக்கோ பசி உயிர் போகிறது. மனிதர் வரிசையை ரசித்துக்கொண்டிருக்கிறார்!

வயது முப்பத்தெட்டு. ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம். திடீரென்று கூட்டம் மொய்த்தால் இணையத்தளங்கள் படுத்துவிடுகின்றன அல்லவா, அவற்றைப் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்வது இவர் தொழில். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் காத தூரம். ஆகவே அதே கல்லாவை வைத்தே விளக்கினார். பக்கத்தைக் காட்டும் சர்வர்களை எத்தனை வேண்டுமானாலும் வாடகைக்குக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே ஏட்டில்தான் பெயரை எழுதியாக வேண்டும். அந்த ஏடுதான் டேட்டாபேஸ். "கடைய பெரிசாக்குறது ஈசிண்ணே. கல்லாவ எப்படிப் பெரிசாக்குறது, அதான் நம்ம கெர்ஜா." கெர்ஜா என்றால் இங்கே வேலை.

பால் கலக்காத தே ஓ தேநீரை ஆறவைத்துப் பச்சைத்தண்ணீர் மாதிரி ஆக்கிய பிறகுதான் குடிக்கிறார். டேட்டாபேஸ் தடுமாறினால் 'ஸ்லோ' என்று சொல்லமாட்டார்; 'மூச்சு வாங்குது' என்பார், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி. வெள்ளிக்கிழமை தொழுகையைத் தவறவிடாத இந்த மனிதரின் திரைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் நாள்காட்டி தொங்குகிறது. அதில் ராகு காலத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். இது ஏது இங்கே என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போன வருடக் கதையைச் சொன்னார்.

ஒரு முருகன் கோயிலின் தைப்பூசப் பால்குடப் பதிவை இணையத்தில் நடத்தும் வேலை இவருக்கு வந்தது. மொத்தம் ஆறாயிரம் இடம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பு. ஒன்பது மணிக்குப் பெருங்கூட்டம் வரும் என்று சர்வர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். வந்தவர்கள் நாற்பது பேர். பத்து மணி வரை பார்த்துவிட்டு, சரி, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று பாதி சர்வர்களை அணைத்தார். பத்தரைக்கு நாற்பதாயிரம் பேர் ஒன்றாக வந்து விழுந்தார்கள். ஒரே வீட்டில் அப்பா ஒரு போன், அம்மா ஒரு போன், பிள்ளைகள் ஆளுக்கொன்று. நாலே நிமிடத்தில் எல்லாம் படுத்துவிட்டது.

கோயில் செயலாளர் தங்கராஜு தலையில் அடித்துக்கொண்டாராம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம், அந்த நேரத்தில் யாராவது வேண்டுதலைத் தொடங்குவார்களா, இதுகூடவா தெரியாது என்று கேட்டிருக்கிறார். ஒன்பது மணி என்று முடிவு செய்த கமிட்டிக்கும் அது தோன்றவில்லை என்பது வேறு விஷயம். அலுவலகம் திறக்கும் நேரத்தைப் போட்டுவிட்டார்கள்.

தளம் படுத்தது இத்ரீஸுக்குப் பெரிய வருத்தமில்லை. வேகத்துக்காக ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்: பெயர் ஏட்டில் ஏறுவதற்கு முன்பே திரையில் 'பதிவு முடிந்தது' என்று பச்சையாகக் காட்டிவிடும். கூட்டத்தில் அறுபத்துமூன்று பேருக்குப் பச்சை வந்தது, பெயர் ஏறவில்லை. அவர்களில் ஒருவர் நிபோங் திபால் ஊரைச் சேர்ந்த நல்லம்மாள். பக்கவாதத்தில் விழுந்த கணவர் எழுந்து நடந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, அவர் நடந்ததும் பதிவு செய்தவர். கோயில் அலுவலகத்தில் போனை நீட்டியிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை, இடமும் இல்லை. இத்ரீஸ் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த அம்மாள் திட்டவில்லையாம். "நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னாராம். இதைச் சொல்லும்போது இத்ரீஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வருடம் நல்லம்மாள் பெயரை முன்கூட்டியே ஏற்றிவிடலாம் என்று தங்கராஜுவே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. எல்லோரையும் போல நானே போட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டார். இடம் கிடைக்காவிட்டால் வேண்டுதல் இரண்டாவது வருடமும் தள்ளிப்போகும். இத்ரீஸ் பழைய குறுக்குவழியைப் பிடுங்கி எறிந்தார். ஒரு தடவைக்கு முந்நூறு பேரைத்தான் உள்ளே விடுவது, மற்றவர்களை வாசலில் காத்திருக்கச் சொல்வது, ஏட்டில் எழுதி முடித்த பிறகே பச்சை காட்டுவது. இதனால் எல்லாம் மெதுவாகும், சனங்கள் கோபிப்பார்கள் என்று தங்கராஜு மன்றாடிப் பார்த்தார். இவர் அசையவில்லை.

பதிவு நாள் இந்த முறையும் சனிக்கிழமைதான்; ஒன்பது மணியையும் கமிட்டி மாற்றவில்லை. நானும் இத்ரீஸின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஒன்பது மணிக்கு முப்பது பேர். இத்ரீஸ் நிம்மதியாக ரொட்டி சானாய் சாப்பிட்டார். பத்தரைக்குத் திரையில் இருந்த கோடு விருட்டென்று செங்குத்தாக ஏறியது. "மூச்சு வாங்குது" என்று முணுமுணுத்தார். ஆனால் படுக்கவில்லை. தங்கராஜு மூன்று முறை அழைத்தார், மக்கள் காத்திருந்து காத்திருந்து திட்டுகிறார்கள் என்று. பத்து நாற்பதுக்கு இத்ரீஸ் ஏட்டில் நல்லம்மாளைத் தேடினார். இல்லை. பத்து ஐம்பத்தைந்துக்கும் இல்லை. அதற்குள் மூவாயிரத்து ஐந்நூறு இடம் போயிருந்தது. பொய் சொல்வானேன், நானும் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பதினொன்று ஆறுக்கு வந்தது. நல்லம்மாள், நிபோங் திபால், நான்காயிரத்து நூற்று இருபத்தேழு.

கைதட்டப்போன என்னைக் கையமர்த்திவிட்டு அவர் நிபோங் திபாலுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். பச்சை வந்திருக்கிறது தம்பி, ஆனால் போன வருடமும் வந்ததே என்று அந்த அம்மாள் சொன்னது எனக்கே கேட்டது.

"ஏறிடிச்சிம்மா. நான் கண்ணால பாக்கிறேன். ஒரு தாள்ல எழுதிக்கிங்க. நாலு, ஒண்ணு, ரெண்டு, ஏழு."

பேனா தேடும் சத்தம். பிறகு அந்த அம்மாள் வாசித்துக் காட்டினார்: நாலு, ரெண்டு, ஒண்ணு, ஏழு.

"இல்லம்மா, ரெண்டுக்கு முன்னால ஒண்ணு. மெதுவா எழுதுங்க, அவசரமில்ல" என்றார் இத்ரீஸ். பின்னால் இன்னும் பத்தாயிரம் பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, அந்த அம்மாள் அடித்துத் திருத்தி எழுதி முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.