சைக்கிள் பாதையில் நான் பரப்பிய சோளம்

பிள்ளைகளே, பெரியவர்கள் பயந்தால் முதலில் அதட்டத்தான் செய்வார்கள். என் மகள் பதினொன்றாம் வகுப்பில், பள்ளியில் கொடுத்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நானும் சந்தோஷப்படவில்லை. "இத எடுத்துக்கிட்டு பெரிய ரோட்டுக்குப் போன, கால ஒடிச்சிருவேன்" என்றுதான் சொன்னேன்.

ஆனால் வேறு வழியும் இல்லை. எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கம். காலை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகிற நேரத்தில் பஸ் எங்கள் ஊரில் நிற்காது. ஆகவே பெரிய ரோட்டில் சைக்கிளில்தான் போக வேண்டும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகளும் அதே நேரத்தில் அதே ரோட்டில்தான் பறக்கும். ரோட்டின் தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். சைக்கிள் ஓரம் ஒதுங்கினால் பள்ளத்தில் விழும். ஒதுங்காவிட்டால் ஜீப் இடிக்கும்.

அவள் கிளம்பியதும் நான் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போவேன். ரோட்டுச் சத்தம் காதில் விழ வேண்டும் என்று ரேடியோகூடப் போட மாட்டேன். ரோட்டுப் பக்கம் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். அந்த வண்டி மறுபடி கிளம்புகிற சத்தம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒருநாள் முழங்கையில் தோல் உரிந்து வந்தாள். கேட்டதற்கு, "ஜீப்பு கண்ணாடி பையில பட்டுச்சுப்பா, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். இருந்தாலும் நானே உட்கார்ந்து மனு எழுதினேன். பள்ளத்தை மூடி, ரோட்டோரம் ஒரு கஜ அகலத்துக்குத் தார் போட்டு, வெள்ளைக்கோடு இழுத்து, சைக்கிளுக்கு என்று விட வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கிராமசபையில் வாசித்தபோது பின்னாலிருந்து ஒருவர், "ஏலே, இன்னைக்கு சைக்கிளுக்கு ரோடு கேக்குற, நாளைக்குக் கோழிக்குக் கேப்ப போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு பிள்ளையின் தாய் எழுந்து, "கோழிக்கு ரெக்கை இருக்குண்ணே, அடிச்சுப் பறந்துக்கிரும். எம்புள்ளைக்கு எங்க இருக்கு?" என்றார்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தோம். "எஸ்டிமேட் போட்டிருக்காக", "மேல அனுப்பியிருக்காக" என்றே பதில் வந்தது. கடைசியில் ஒருநாள் பாதை போட்டேவிட்டார்கள். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே ஒருவர் பின் ஒருவராகப் போவதைப் பார்த்துவிட்டு வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு காலையில் ரேடியோ போட்டேன்.

இனிமேல்தான் நான் செய்த காரியம் வருகிறது.

அந்த வருஷம் மக்காச்சோளம் அடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. களம் சேறாகிவிட்டது. சோளத்தைக் காயப் போட இடமில்லை. ரோட்டில் காயப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மழை விட்ட பிறகு புதுத் தார் வெயிலில் நன்றாகக் காய்ந்து, கல்லும் மண்ணும் இல்லாமல் வழவழவென்று கிடந்தது. சாயங்காலம் பிள்ளைகள் வருமுன் அள்ளிவிடலாம் என்று சைக்கிள் பாதையில் பரப்பினேன். வண்டி ஏறிவிடக் கூடாது என்று வெள்ளைக்கோட்டை ஒட்டிக் கல்லும் அடுக்கினேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அவர்கள் சோளத்தைக் கொட்டினார்கள்.

அன்று பள்ளியில் பரீட்சை. மத்தியானமே விட்டுவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது.

பலகையால் சோளத்தைக் கிண்டிக்கொண்டிருந்தவன் மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். மகள் வந்துகொண்டிருந்தாள். பாதை அடைத்திருப்பதைப் பார்த்து, கல்லைச் சுற்றி ரோட்டுக்குள் திருப்பினாள். அவளுக்குப் பின்னால் வாழைத்தார் லாரி. டிரைவர் ஹாரன் அடித்தார். லாரி பிரேக் போட்டு இழுத்துக்கொண்டே வந்தது. அவள் ஹேண்டிலை உள்பக்கம் ஒடித்தாள். முன்சக்கரம் கல்லில் இடித்து, சைக்கிளோடு சோளத்துக்குள் வந்து விழுந்தாள்.

வெளிப்பக்கம் விழுந்திருந்தால் என்று இன்றுவரை என்னால் நினைத்து முடிக்க முடியவில்லை.

தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். தலைமுடியெல்லாம் சோளம். "யாருப்பா இங்கன கல்லு வச்சது?" என்றாள்.

பலகை என் கையில்தான் இருந்தது.

"நாந்தான் ஆத்தா."

"ஓரமாப் போ, ஓரமாப் போன்னு தெனமும் சொல்லுவீகள்ல? ஓரத்துல நீங்கதான இருக்கீக, நான் எங்கன போறது?" அதற்கு மேல் பேசாமல் கோணிய ஹேண்டிலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதே கல்லை எடுத்தேன். சோளத்தை ஈரத்தோடு சாக்கில் அள்ளினேன். பாதிக்குமேல் பூஞ்சை பிடித்து மாட்டுக்குக்கூட ஆகாமல் போனது. மற்ற இரண்டு பேரிடமும் போய், நான் செய்தது தப்பு, நீங்களும் அள்ளுங்கள் என்று கேட்டேன். ஒருவர் அள்ளினார். மற்றவர், "மொதல்ல போட்டவன் நீ. ஒன்னப் பாத்துத்தான் நாங்க போட்டோம். இப்ப வந்து எங்களுக்குப் பாடம் எடுக்குறியா? நாளைக்கு அள்ளிக்கிறேன், போய்யா" என்றார்.

மறுநாளும் பரீட்சை. ஹேண்டிலை நிமிர்த்திக்கொண்டு மகள் கிளம்பினாள். நான் முன்னாலேயே போய், அள்ளாமல் கிடந்த அவர் சோளத்துக்குப் பக்கத்தில், ரோட்டுக்குள் இறங்கி, வண்டிகளை நிறுத்தச் சிவப்புத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீப் ஒன்று என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. "யோவ், சாகுறதுக்கு எம் வண்டிதான் கெடச்சுச்சா?" என்று டிரைவர் கத்தினார். உள்ளே இருந்த தோட்டத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் வரிசையாக வந்து சோளத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் மகள் கடக்கும்போது, "கொஞ்சம் ஓரமா நில்லுங்கப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

கடைசிச் சைக்கிள் வெள்ளைக்கோட்டுக்குள் போகும்வரை நான் துண்டை இறக்கவில்லை.