ஐந்து பத்துக்கு விழிக்கும் பெட்டி

ஜன்னல் கம்பியைத் தொடாமல் ஷாமிளா எந்தக் கம்ப்யூட்டர் சில்லையும் கையில் எடுப்பதில்லை. முதலில் கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பாள். பிறகு துருப்பிடித்த அந்தக் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு வந்து உட்காருவாள். உடம்பில் தங்கியிருக்கும் மின்சாரம் பாய்ந்தால் சில்லு செத்துப்போகும் என்பது அவள் கணக்கு. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களின் கணக்கு வேறு. பழுதான பெட்டிகளோடு வரும் பேயை அவள் கம்பி வழியே இறக்கிவிடுகிறாளாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளும் மறுத்துச் சொல்வதில்லை. "பேய்னு நெனச்சாவது பிள்ளைங்கள இந்தப் பக்கம் விடாம இருக்காங்களே, அது போதும்" என்பாள்.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலை வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் றப்பர் தாளை விரித்து, அதில் சிக்கிய பட்டைத் துணுக்கையும் மணலையும் கத்தரி நுனியால் கிள்ளி எடுக்கவேண்டும். பதினொரு வருஷமாக வெளிச்சத்துக்குள் கறுப்புப் புள்ளியைத் தேடிய கண், மனிதர்களிடமும் அதையேதான் தேடுகிறது. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டாள். தாடையில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையைப் பார்ப்பாள்.

மத்தியானத்துக்கு மேல், லயத்தில் அவள் குடியிருக்கும் ஒற்றையறைக் காம்பராவில் மற்ற வேலை. அவிசாவளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹில்மி, கால் மடிந்த ப்ரொசசர்களை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். கம்ப்யூட்டரின் மூளை அதுதான். தீப்பெட்டியைவிடச் சிறிய சதுரம். அடியில் தலைமுடி கனத்தில் ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு ஊசிக்கால்கள். ஒன்று மடிந்தாலும் பெட்டி எழும்பாது. ஷாமிளா கழிவு றப்பர் துண்டின்மேல் சில்லைக் கவிழ்த்து வைத்து, ஈயக்குச்சி தீர்ந்த பென்சிலின் வாயை மடிந்த காலில் மாட்டி, மூச்சை அடக்கி நிமிர்த்துவாள். அவசரப்பட்டால் முறிந்துவிடும். அந்த நேரத்தில் காலோடு சிங்களத்தில்தான் பேச்சு. "ஹெமின்... ஹெமின்..." மெதுவாக வா என்று கெஞ்சல். தமிழில் சொன்னால் கேட்காதா என்றால், "தமிழ்ல சொன்னா அதட்டுற மாதிரி இருக்கு" என்பாள்.

பெட்டி யாருடையது என்று மட்டும் அவளிடம் சொல்லக்கூடாது. "ஆளு முகம் தெரிஞ்சா கை நடுங்கும். சாமான மட்டும் குடுங்க." ஹில்மியும் அதை மதித்தே நடந்துவந்தார்.

போன ஐப்பசி மழையில் அந்த நியமம் உடைந்தது. தோட்டத்து மேல் டிவிஷனில் றப்பர் பால் வெட்டும் கிறேஸ், சாக்கில் சுற்றிய பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"அனிற்றாவோட பெட்டி, தங்கச்சி. உள்ளுக்கு ஒடஞ்சிருச்சி."

சொல்லாதே என்பதற்குள் சொல்லியாயிற்று. அனிற்றாவைத் தெரியாதவர் தோட்டத்தில் இல்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டைப் வேலை செய்துவந்தவள். நான்கு மாதத்துக்கு முன் எலிக்காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது.

"அவ போன பொறகும் பெட்டி தன்னால எழும்பிக்கிட்டு இருந்திச்சி. விடிய அஞ்சு பத்துக்கு. ஒரு நாளு பிந்தல. பிள்ள தண்ணி எடுத்துட்டு வந்து ஒக்கார்ற நேரம் அது. இப்ப எழும்ப மாட்டேங்குது. அவளுக்கு வர வழி இல்லாமப் போச்சி." இதைக் கிறேஸ் அழாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் போனபின் ஷாமிளா பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்த காற்றாடியை யாரோ முழுப்பலத்தோடு பிடுங்கியிருந்தார்கள். காய்ந்துபோன பசையில் ஒட்டிக்கொண்டு ப்ரொசசரும் அதன் அடியிலேயே பெயர்ந்து வந்திருந்தது. ஒரு பக்கத்தில் இருபத்தேழு கால்கள் சாய்ந்து கிடந்தன. காற்றாடியின் நடுவில் ஏதோ கறுப்பாகச் சுற்றியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது. ஒற்றைத் தலைமுடி, முழங்கை நீளத்துக்கும் மேல். எறிய மனம் வராமல் கடதாசியில் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

பெட்டி தானாக எழும்பிய சூட்சுமம் அவளுக்குத் தெரியாததல்ல. குறித்த நேரத்தில் விழிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கலாம். தண்ணீர் எடுத்து வரும்போது தயாராக இருக்கட்டும் என்று அனிற்றாதான் வைத்திருப்பாள். வைத்தவள் போனது பெட்டிக்குத் தெரியாது.

நான்கு மத்தியானங்கள் "ஹெமின்... ஹெமின்" என்று போயின. கை நடுங்கத்தான் செய்தது. ஐந்தாம் நாள் பெட்டி உயிர்பெற்றது. உள்ளிருந்த சின்ன பேட்டரி செத்துப்போனதால் சொல்லிவைத்த எல்லாமே அழிந்திருந்தன. விழிக்கும் நேரமும் அழிந்திருந்தது. திரையில் 2018 ஜனவரி முதலாம் திகதி என்று வந்தது. அனிற்றா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருஷம். ஷாமிளா புது பேட்டரி போட்டு, திகதியை அவசரமாக மாற்றினாள். அன்றிரவு, எல்லாம் தெரிந்தும், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் படுத்தாள். ஆனாலும் விடியற்காலை விழிப்பு வந்து மணி பார்த்தபோது ஐந்து பத்து.

சனிக்கிழமை கிறேஸின் புருஷன் அந்தனி தனியாக வந்தார். குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"நாந்தான் புடுங்குனேன், தங்கச்சி."

"பேய்னு பயந்தா, அண்ணே?"

"பேயின்னா பரவால்லியே. பெட்டி சத்தம் கேட்டதும் கிறேஸு கதவத் தொறந்துக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறா. பிள்ளகிட்ட தண்ணிக் கொடத்த வாங்குறாளாம். மழையிலயும் நிக்கிறா. பிளக்கக் கழட்டுனா மாட்டிர்றா. அஞ்சரைக்கு ரெண்டு பேரும் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகணும், கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுத்தான் போவேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாளு, நீட்டுன கை ரெண்டும் பாரம் ஏறுன மாதிரி கீழ எறங்கிச்சி. நா கண்ணால பாத்தேன். அன்னைக்குத்தான் புடுங்குனேன்."

"பெட்டியக் குடுங்க. பிள்ளயோட போட்டோவெல்லாம் பாக்கட்டும். அந்த எழும்புறது மட்டும் வேணாம்."

"அது தானா அழிஞ்சிருச்சி அண்ணே" என்றாள். உண்மைதான். ஆனாலும் அவர் போனபிறகு அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர். ஒருவரின் விடியலைக் காப்பாற்றினால் மற்றவருடையது போகும். அதைக் கொண்டுவந்து கால் நிமிர்த்துகிறவள் தலையில் கட்டுகிறார்களே என்று வாய்விட்டே திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிறேஸ் பூசை முடிந்து நேரே வந்தாள். பெட்டி ஓடுவதைப் பார்த்தும் அவள் முகம் மாறவில்லை. ஒரே கேள்விதான்.

"விடிய எழும்புமா?"

எழும்பாது என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். ஷாமிளா திரையை அவள் பக்கம் திருப்பினாள். விழிக்கும் நேரம் குறிக்கும் பக்கத்தைத் திறந்து, ஐந்து பத்து என்று இட்டுக் காட்டினாள்.

"இந்த எடத்துலதான் அக்கா, அனிற்றா இப்படி வச்சிருந்திச்சி. அலாரம் மாதிரி. அது அழிஞ்சிருச்சி. வேணும்னா நீங்களே வைங்க, வேணாம்னா விட்டுருவோம். நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அவதான் வச்சாளா?"

"அவளேதான்."

கிறேஸ் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை விட்டு, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. ஷாமிளா அவள் விரலைப் பிடித்து எண்ணைக் கூட்டும் பொத்தானில் வைத்தாள். பால் கறை ஏறிய அந்த விரல் ஒருமுறை அழுத்தியது. ஐந்து, ஆறாயிற்று. மறுபடி அழுத்தியது. ஏழு. எட்டு.

"அக்கா, எட்டு பத்துக்கு நீங்க ரெண்டு பேரும் மலையிலல்ல நிப்பீங்க. வீட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டீங்களே?"

"இருக்க மாட்டோம்" என்றாள் கிறேஸ். "தண்ணிய நா எடுத்துக்கிறேன். பிள்ள கொஞ்சம் தூங்கட்டும்."

சொல்லிவிட்டு இன்னும் ஒருமுறை அழுத்தினாள்.