அவள் கேட்டு வாங்கிய வரி

வீட்டுவரி எழுதப் போகிறவனை யாரும் 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லமாட்டார்கள். தண்ணீர் கேட்டால் செம்பைத் தேடி உள்ளே போவார்கள். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். நாய் மட்டும் தவறாமல் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த நாளில், வில்லியனூர் கொம்யூனில், அதாவது பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரத்தில், நான் அப்ரண்டீஸாக அலைந்த காலம் முழுக்க இந்த மரியாதைதான் கிடைத்தது.

புதுச்சேரியில் படிப்பை முடித்த கையோடு என்னை வரி இலாகாவில் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒரு கொம்யூனில் வீட்டுவரி எப்படி விதிக்கப்படுகிறது, எப்படி வசூலாகிறது, எங்கே ஓட்டை என்று நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எழுதினால் வேலை நிரந்தரம். காலையில் ரயிலேறி வில்லியனூரில் இறங்குவேன். 'மேர்' என்கிற கொம்யூன் தலைவரின் அலுவலகத்தை 'மேரி' என்போம்; அங்கே தலையைக் காட்டிவிட்டு, வரி வசூலிக்கும் தண்டல்காரரோடு கிராமம் கிராமமாக நடப்பேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் வாய் மூடாது. வெயிலைத் திட்டுவார், வரப்பைத் திட்டுவார், வரப்பில் வழுக்கி விழுந்தால் என்னைத் திட்டுவார்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பிகள் தனித்தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, வரிக்கு மட்டும் ஒரே வீடு என்று காட்டுகிறார்களாம். ஆகவே இனி கூரையை எண்ண வேண்டாம், அடுப்பை எண்ணு. சமையல் நடக்கிற அடுப்பு ஒவ்வொன்றும் ஒரு வீடு. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ! வெயிலில் காய்ந்தவன் நான்.

நாங்கள் ஊருக்குள் நுழையும் முன்பே சேதி நுழைந்துவிடும். முகம் பார்த்துப் பேசாத மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பின் முன்னால் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பார்கள். வாய்க்கால் தகராறில் வெட்டிக்கொள்ளப் போன அண்ணன் தம்பி ஒரே பானைச் சோற்றை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு தின்பார்கள். இரண்டாவது அடுப்பைப் பெயர்த்துவிட்டுச் சாணி மெழுகிக் கோலம் போட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் அதற்கும் நேரமில்லை போல; அடுப்பின் மேல் கோழிக்கூடையைக் கவிழ்த்திருந்தார்கள். கூடை புகைந்தது.

"இன்னாம்மா, உங்க வூட்டுக் கோழி சுருட்டு பிடிக்குதா?" என்று தண்டல்காரர் கேட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எங்கே போனாலும் கேட்கும் கேள்வியைத்தான் அவளும் கேட்டாள்.

"ஏன்யா, இந்தக் கொள்ள அடுத்த வருசமும் வருமா?"

"வரும்."

"வருசா வருசம் வருமா?"

"வரும்மா, வரும்!" கத்திவிடுவேன். நாளெல்லாம் இதே கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வரி கசந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு நாளில்தான், ஆற்றங்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒருத்தி எங்களைத் தேடி ஓடி வந்தாள். வரிக்காரனை நோக்கி ஓடிவந்த மனுஷி என் அனுபவத்தில் அவள் ஒருத்திதான். சின்ன வயது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை என்பது பொட்டு அழிந்த நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஐயா, எங்க வூட்ட ரெண்டா எழுதுங்க. எனக்குத் தனியா வரி போடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

தண்டல்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று எனக்கு நிஜமாகவே சந்தேகம்.

நடந்துகொண்டே சொன்னாள். அது அவள் புருஷனும் அவன் அண்ணனும் சேர்ந்து இருந்த வீடு. பின்கட்டை இவள் நகையை விற்றுத்தான் கட்டினார்கள். புருஷன் இருந்தபோதே தனி உலை. அவன் போனதும் அந்த அண்ணன், அதாவது அவள் மச்சாண்டார், பேச்சு மாறிவிட்டது. எல்லாம் ஒரே வீடு, நீ என் சோற்றைத் தின்கிறவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போ, பின்கட்டில் மல்லாட்டை மூட்டை அடுக்கப் போகிறேன் என்கிறார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. பஞ்சாயத்தில் சொன்னால் அத்தாட்சி எங்கே என்று கேட்கிறார்கள். அவள் பேரில் வரி ரசீது ஒன்று இருந்தால் போதும், பின்கட்டு தனி வீடு. இல்லாவிட்டால் அவளுக்கும் குழந்தைக்கும் தெருதான்.

"எழுதிடலாம்மா, அடுப்பைக் காட்டு" என்றேன், சுலபமாக.

காட்டினாள். அடுப்பு இல்லை. மண்கட்டிதான் கிடந்தது. எங்களைத் தேடி அவள் தெருமுனைக்கு வந்த நேரத்தில் மச்சாண்டார் அதை உதைத்து நொறுக்கி ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றியிருந்தார். விறகும் நனைந்து கிடந்தது. அவர் வாசற்படியில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"பாத்துக்க தம்பி. ஒரே வூடு, ஒரே அடுப்பு. ஒண்ணுன்னு எழுதிக்கினு போய்க்கினே இரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் என்ன செய்ய? நேரில் பார்த்த அடுப்பைத்தான் எழுத வேண்டும். பொய்யாக எழுதினால் இந்த ஆள் நேரே மேரிக்குப் போவார். என் வேலையும் போகும், எழுதியதையும் அடித்துவிடுவார்கள். "இல்லாத அடுப்பை நான் எழுத முடியாதும்மா" என்றேன். 

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஐயா, சோறு வெந்தா அது அடுப்புதானே?" என்றாள்.

"ஆமாம்."

"அப்ப செத்த நில்லுங்க."

குழந்தையை இறக்கிவிட்டாள். சுவரோரம் கிடந்த செங்கல்லில் மூன்றைப் பொறுக்கி ஈரத்தின் மேலேயே வைத்தாள். பானையை ஏற்றினாள். கூரை இடுக்கிலிருந்து காய்ந்த தென்னம்பாளையை உருவினாள். தீப்பெட்டியை எடுத்தால், அதுவும் நனைந்திருந்தது. ஒவ்வொரு குச்சியாக உரசினாள். மருந்து பிசுபிசுவென்று பெட்டியோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

தண்டல்காரரின் கை தானாக மடியிலிருந்த தீப்பெட்டிக்குப் போனது. மச்சாண்டார் விடுவாரா?

"ஆபீஸ் ஆளே அடுப்பு பத்தவச்சிக் குடுப்பீங்களா? இரு, மேர்கிட்டயே வந்து சொல்றன்."

கை அப்படியே நின்றுவிட்டது. அவள் தீப்பெட்டியைக் கீழே போட்டாள். என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் முன்கட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் வந்தாள், மச்சாண்டாரின் மனைவி. கையில் கொட்டாங்கச்சி. அதில் கனிந்த நெருப்பு. நேராக வந்து செங்கல்லுக்கு நடுவே கொட்டி, குனிந்து ஊதினாள். பாளை பற்றிக்கொண்டது.

"அடியே! இன்னா பண்ற நீ?"

"பக்கத்து வூட்டுக்காரி கொள்ளி இல்லாம நிக்கறா. நெருப்பு குடுக்கறன். ஊரு ஒலகத்துல இல்லாததா?" என்றாள் அவள், புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "முன்ன ஒரே அடுப்புல ரெண்டு பேரு கை வச்சிகினு நாங்க பட்டது போதும். உன் மல்லாட்டை மூட்டைய உன் தலமாட்டுல அடுக்கிக்க."

பக்கத்து வீட்டுக்காரி! சொன்னது யார்? அவருடைய சொந்தப் பெண்டாட்டி. சாட்சிக்கு நாங்கள் இரண்டு பேர், வேலிக்கு வெளியே பாதி ஊர்.  மனிதர் துண்டை எடுத்து இன்னொரு தரம் உதறினார்.

உலை கொதிக்கும்வரை நின்றோம். என் ரயில் போய்விட்டது, போகட்டும் என்றிருந்தது. தண்டல்காரர் புகை தன் பக்கமே வருகிறது என்று காற்றைத் திட்டினார். வெந்ததும் அவள் பூவரச இலையில் ஆளுக்கு ஒரு பிடி வைத்துக் கொடுத்தாள். உப்பில்லை. தின்றேன். 'இரண்டு வீடு' என்று எழுதினேன்.

"நீங்க போனதும் ஒதச்சிடுவன்" என்று மச்சாண்டார் முனகினார்.

"ஒதைங்க. எழுதினது எழுதினதுதான்" என்றேன். வயதுக்கு மீறிய வாய்தான். அன்றைக்கு அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. மேரியில் செக்ரெத்தேர், அதாவது அலுவலகச் செயலாளர், கையெழுத்துப் போட வேண்டும். மச்சாண்டார் சொன்னபடியே வந்து புகார் கொடுத்திருந்தார். செக்ரெத்தேர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மூன்று செங்கல்லெல்லாம் ஒரு அடுப்பாப்பா?"

"சோறு வெந்ததை நான் பார்த்தேன் ஐயா."

"பார்த்தால் ஆச்சா? தின்றாயா?"

"தின்றேன்."

"எப்படி இருந்தது?"

"உப்பில்லை."

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டார். வெளியே வந்தேன். கோயில் தேர் நிற்கிற இடத்து நிழலில் உட்கார்ந்து, கடைக்காரனிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். எனக்கே ஏதோ வீடு கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி.

வரிச் சீட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்கட்டில் மண் அடுப்பு புதிதாக எழும்பியிருந்தது. அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியுமாக ஓர்ப்படிகள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மச்சாண்டார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் புளி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினாள். படிக்கத் தெரியாது. "எம் பேரு எங்க இருக்குது?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். "இன்னொரு தபா படிங்கய்யா" என்றாள். படித்தேன். அவள் ஓர்ப்படியும் எட்டிப் பார்த்தாள்.

பிறகு, அந்த ஊர் ஊராகக் கேட்ட கேள்வியை அவளும் கேட்டாள்.

"ஐயா, இது அடுத்த வருசமும் வருமா?"

"வரும்."

"வருசா வருசம் வருமா?"

"வரும்மா. தப்பாம வரும்."

"அப்பாடா" என்று அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.