காற்றும் கதையுமாக டேரில் வாங்கிய பட்டம்

கனடாவின் வின்னிபெக்கில் டயர் கடை வைத்திருக்கும் டேரில் ஃப்ரீசன் ஒரே ஒரு பாடத்தோடு திருப்திப்படுகிற ஆள் இல்லை. நாற்பதைத் தாண்டியபின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் ஒரு காலும் வானிலை அறிவியலில் ஒரு காலுமாக எட்டு வருடம் ஓட்டினார். இரண்டையும் கலந்து நம் பட்டத்தை நாமே அமைத்துக்கொள்ள அங்கே வழி உண்டு. அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, அந்தப் புல்வெளிப் பிரதேசத்து நாவல்களில் வீசும் காற்று.

"காத்தா? அதைத்தானே கடையில நாள் பூரா அடிக்கிறே. அதுக்கு எட்டு வருஷமா?" என்பாள் மனைவி வெர்னா.

ஏப்ரலில் இறுதித் தேர்வு. ஆங்கிலப் பேராசிரியை சிக்ரிட், வானிலைப் பேராசிரியர் மார்செல், இரண்டு பேரும் தலையசைத்தால்தான் ஜூனில் பட்டமளிப்பு அங்கி. டேரிலோ காபிக் கடை நண்பர்கள் அத்தனை பேரையும் அந்த விழாவுக்கு அழைத்துத் தொலைத்திருந்தார்.

"கட்டுரையைக் கொண்டு வாங்க" என்றார் சிக்ரிட். "ஜன்னல் பக்கம் உங்க பலகை" என்றார் மார்செல். அதற்குமேல் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரவர் துறை வழக்கம் உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பு.

ஆங்கிலத் துறைக்காரர்கள் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அறிவியல்காரர்கள் ஆள் உயரச் சுவரொட்டி ஒட்டிப் பக்கத்தில் நிற்பார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் குறுக்கே கேட்பான். மாலை வகுப்பு முடிந்ததும் கடைக்கு ஓடிய டேரில் அந்தச் சுவரொட்டிகள் வைக்கும் கூடத்தை எட்டிப் பார்த்ததே இல்லை.

தேர்வு அன்று கூடத்துக்குள் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுற்றிலும் வண்ண வண்ணச் சுவரொட்டிகள். அவர் கையில் இருபது தாள்.

"எல்லாரும் கல்யாண வீடு மாதிரி அலங்காரம் பண்ணியிருக்காங்க. உன் பலகை மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?" என்றாள் கூட வந்திருந்த வெர்னா.

"இதை வாசிக்கணும்னு நினைச்சேன்."

"அப்ப வாசி. பனி டயரைப் பத்தி அரை மணி நேரம் பேசுற வாய்தானே?"

வேறு வழியில்லாமல் அந்த இரைச்சலில் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். ஒரு பழைய நாவலில், புயல் நாளில் கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கட்டம் அது. இரண்டாம் பக்கத்திலேயே மார்செல் கை நீட்டினார்.

"நிறுத்துங்க. காத்து தெக்கேருந்து வருதுங்கிறீங்க. பனிப்புயல்னா வடமேற்குதானே? எழுதினவர் தப்புப் பண்ணிட்டார்."

"முடிக்கட்டும் மார்செல். நடுவுல பேசுறது எங்க பக்கம் வழக்கமில்ல" என்றார் சிக்ரிட். "அவ புருஷன் தெக்கே போயிருக்கான். காத்தும் அங்கேருந்துதான் வரும்."

"காத்துக்கு அவ புருஷனைத் தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. அக்கம்பக்கத்துச் சுவரொட்டிகளிலிருந்து ஆட்கள் நகர்ந்து வந்தார்கள். டேரில் எட்டு வருடமாகக் காத்திருந்த கேள்வி அதுதான். பக்கத்தைப் புரட்டி விளக்கினார்.

கதையில் புயல் இன்னும் வரவில்லை. புயலுக்கு முன்னால் சில மணி நேரம் தெற்கிலிருந்து இளஞ்சூடாகக் காற்று வரும். அப்புறம்தான் வடமேற்கிலிருந்து திரும்பி அடிக்கும். அந்தச் சூட்டை நம்பித்தான் அவள் கதவைத் திறந்து வைக்கிறாள்.

மார்செல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகட்டி உட்கார்ந்துவிட்டார்.

"நில்லுங்க டேரில்." இப்போது குறுக்கே பேசியது சிக்ரிட். "அந்தக் கதவு வரியை இன்னொரு தடவை வாசிங்க. இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கேன், அவ கதவைத் திறந்தது வெறும் ஆசைன்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

டேரில் மறுபடி வாசித்தார்.

பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு தலைகளும் அசைந்தன. "போதும் டேரில், பட்டம் உங்களுக்குத்தான்" என்றார் மார்செல், எழுந்தபடியே.

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க" என்றாள் வெர்னா. "இன்னும் பக்கம் பாக்கி இருக்கு. அவ புருஷன் வந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."