கழுத்துக்குப் போட்ட கஞ்சி

சேவூரில் சேலைக்கான பட்டு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டால், வெயிலுக்குத் தப்பும் கழுத்து கிடையாது. அன்று புனிதவதியின் கழுத்தும் சிவந்து எரிந்தது. அவள் கொழுந்தன் மனைவி தேவிப்ரியாவின் கழுத்தும் எரிந்தது. ஆனால் கொழுந்தன் வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, பெண்டாட்டி கழுத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தான். நடுத்தெருவில்!

புனிதவதியின் புருஷன் தணிகாசலமோ பட்டு இழையைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்தக் கை அவளை அப்படித் தடவியதில்லை.

“ஏங்க, எனக்கும்தான் கழுத்து எரியுது. ஊட்டுல தயிர் இருக்குது, எடுத்தாந்து தடவுங்களேன்” என்றாள், தேவிப்ரியாவுக்குக் கேட்கும்படி.

“பாவ உட்டுட்டு ஊட்டுக்கா போவ முடியும்?” என்றவன், சட்டியில் மிஞ்சியிருந்த கஞ்சியை அள்ளி, பாவுக்குப் பூசும் அதே பதத்தில் அவள் கழுத்தில் பூசினான். “இதுவும் குளிர்ச்சிதான்.”

குளிர்ச்சி ஐந்து நிமிஷம் நின்றது. பிறகு கஞ்சி காய்ந்து, கழுத்து பலகையாக இறுகிவிட்டது.

“அக்கா, கழுவிடுங்க. தோலு இழுத்துகினு கெடக்குது பாருங்க” என்றாள் தேவிப்ரியா.

“எங்க ஊட்டுக்காரரு போட்டு உட்டது” என்றாள் புனிதவதி. அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல, உடம்பையே மொத்தமாகத் திருப்ப வேண்டியிருந்தது.