சந்தனப் பொட்டு வைத்த கேம் பெட்டி

நெத்திலிக்குத் தலை கிள்ளுகிற விரலுக்கு ஈயப்பற்று வைப்பது பெரிய வேலையில்லை. வைத்தது ஓடுகிறதா என்பதுதான் தொல்லை. இப்போதும் மடியில் நெத்திலித் தட்டுதான். கிள்ளிக்கொண்டே நினைத்ததை, கையைத் துடைத்துவிட்டு எழுதுகிறேன். வீட்டில் சாமானைப் பிரித்துப் போட்டுவிட்டு ஏச்சு வாங்கும் அக்காமாருக்கு என் பாடு புரியும்.

சவுக்காரப் பெட்டி

கல்யாணத்துக்கு முன் சிரம்பான் பக்கம் ரேடியோ ஃபெக்டரியில் ஈயம் வைத்தேன். பிள்ளை பிறந்ததும் ரப்பர் எஸ்டேட் வீட்டோடு நின்றுவிட்டேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் உடைந்த கேம் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. ஒன்றின் திரை, இன்னொன்றின் உள்பலகை, பழைய சிலிப்பரில் வெட்டிய பட்டன், எல்லாவற்றையும் சோப்பு வைக்கும் சவுக்காரப் பெட்டிக்குள் அடக்கினேன். அந்தக் கேமில் திரையின் மேலிருந்து கட்டை விழும், அடுக்க வேண்டும். விழுகிற கட்டை பாதியிலேயே நின்றுவிடும்.

பக்கத்து மந்தின் டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்: “ஒரு சனிக்கிழமை முழுக்க ஜாம் ஆகாம ஓடட்டும் தங்கச்சி. கேம் ரிப்பேர் எல்லாம் உன் வீட்டுக்கே அனுப்புறேன்.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஃபெக்டரி பஸ் ஏற முடியாத எனக்கு, அது சாமி வந்து சொன்ன மாதிரி இருந்தது.

பேட்டரி

முதலில் பேட்டரி மேல் சந்தேகம். புதுசு போட்டால் ஓடும், மறுநாள் திரை மங்கும். மறுபடி பிரிப்பேன், ஒயரை மாற்றுவேன். கடைசியில் பார்த்தால், பக்கத்து வீட்டு லெட்சுமியக்கா விடியுமுன் வந்து பேட்டரியைக் கழற்றித் தன் தலைவிளக்கில் போட்டுக்கொண்டு, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து முடித்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். அக்கா பால் வாளியைக் கீழேகூட வைக்கவில்லை. “இருட்டுல மரம் வெட்டுறவளுக்கு வெளிச்சம் வேணுமா, உன் பெட்டியில கட்டை விழணுமா, நீயே சொல்லு லா.”

கோயில் வாசம்

பேட்டரியை அரிசி டின்னில் ஒளித்த பிறகு வாரமெல்லாம் ஓடியது. வெள்ளிக்கிழமை நின்றது. துடைத்துக் காயவைத்தேன், ஓடியது. அடுத்த வெள்ளி மறுபடி. எங்கள் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஸ்டேரிங், ரேடியோ, என் தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். என் பெட்டிக்கும் வைக்கிறார் என்பதை நான் பொருட்படுத்தியதே இல்லை. பொட்டில்லாத சாமான் எங்கள் வீட்டில் ஏது?

சனிக்கிழமை மந்தினுக்குக் கொண்டுபோனேன். கடையில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஜாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அண்ணன் மூடியைத் திறந்தார். பட்டன் சந்து வழியாக இறங்கிய சந்தனம் பலகையெல்லாம் மஞ்சளாக ஈரம். மூக்கருகே கொண்டுபோனவர், “உள்ளாற கோயில் வாசம் அடிக்குது தங்கச்சி. அடுத்த சனி கொண்டா,” என்றார்.

பெரிய பொட்டு

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? பெட்டி நிற்க நிற்க, கண்ணேறு என்று பொட்டைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தவர் அவர். சொன்னால் முகம் வாடிவிடும். வியாழன் சாயங்காலமே பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். “தூசி படுதுங்க” என்றேன். வெள்ளிக்கிழமை அவர் பைக்கு மேலேயே பொட்டு வைத்தார். சனிக்கிழமை கடையில் பையைக் கழற்றினேன். கடை மூடும்வரை ஓடியது.

அன்றே ஒரு கூடை நிறைய உடைந்த பெட்டிகளை அண்ணன், என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர் லோரியில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பாத்தியா? இந்த வாட்டி நல்லா அப்பி வச்சேன். அதான் நிக்கல.”

அதனால் அக்காமாரே, இந்தத் தொழிலுக்கு ஈயக்கம்பியைவிட முக்கியம் பிளாஸ்டிக் பை. அதையும் வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே... இன்றைக்கு வெள்ளிக்கிழமையா? அதோ கூப்பிடுகிறார், “ஏ புள்ள, கூடைப் பெட்டி எல்லாத்தையும் தொறந்து போட்டிருக்கியே, பொட்டு எங்க வைக்கிறது?” கையில் சந்தனக் கிண்ணம் இருக்கும், நான் ஓடிப்போய் அதை வாங்கி வைத்துவிட்டு வந்து மிச்சத்தை...